கேபினட் முகப்பு டிஸ்ப்ளே எரியவில்லையா, தப்பாகக் காட்டுகிறதா? பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது, மானிட்டரிலும் குறையில்லை. கேபினட்டின் முகப்பில் வெப்பநிலை காட்டும் அந்தச் சின்ன டிஸ்ப்ளே மட்டும் இருட்டாக இருக்கிறது. அல்லது எரிகிறது, ஆனால் 0 என்று நிற்கிறது. 104 என்று பயமுறுத்துகிறது. 8-ஐ 6 போலவும் 9 போலவும் காட்டுகிறது. கடையில் கேட்டால் "பேனல் போச்சு" என்பார்கள். அந்தக் கேபினட்டுக்கான பேனல் பெரும்பாலும் தனியாக விற்பனைக்கே வராது. ஆகவே கழற்றிப் பார்ப்பதுதான் லாபம். இவ்வகைப் பழுதுகளில் பெரும்பாலானவை ஒயர், மின்சாரம், சாஃப்ட்வேர் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கண்ணாடியைச் சந்தேகிப்பது கடைசி வேலை.

உங்களுடையது எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் அரை நாள் வீண். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, டிஸ்ப்ளேயின் பின்னாலிருந்து வரும் ஒயர்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மோலெக்ஸ் (நான்கு ஒயர் பவர் கனெக்டர்) அல்லது சாட்டா பவர் (தட்டையான பவர் கனெக்டர்) மட்டும் வந்து, கூடவே நுனியில் தட்டையான பிலிம் ஒட்டிய மெல்லிய ஒயர்கள் ஒன்றிரண்டு தொங்கினால் அது தெர்மிஸ்டர் வகை, அதாவது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சென்சார் கொண்டது. மதர்போர்டோடும் விண்டோஸோடும் இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

மதர்போர்டின் 9 பின் யுஎஸ்பி 2.0 ஹெடருக்கு (போர்டில் ஒயர் செருகும் பின் வரிசை) போனால், அந்த டிஸ்ப்ளேவுக்குச் சொந்த அறிவு கிடையாது. விண்டோஸில் ஓடும் ஒரு புரோகிராம் எண்ணை அனுப்பினால்தான் காட்டும். இப்போது வரும் "டிஜிட்டல்" கேபினட்டுகள் பெரும்பாலும் இந்த வகை.

எச்டிஎம்ஐ ஒயரும் யுஎஸ்பி ஒயரும் சேர்ந்து வந்தால் அது ஒரு குட்டி மானிட்டர். யுஎஸ்பி அதற்கு மின்சாரத்துக்கு மட்டும்.

பழைய 386, 486 கேபினட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிலுள்ள மெகாஹெர்ட்ஸ் எண் எதையும் அளப்பதில்லை. பின்பக்கம் இருக்கும் ஜம்பர்கள் (பின்களை இணைக்கும் சின்ன மூடிகள்) எண்ணின் எந்தக் கோட்டை எரியச் சொல்கின்றனவோ அதுதான் எரியும். 33 என்பதற்குப் பதில் கிறுக்கலாகத் தெரிந்தால் ஜம்பரைத்தான் பார்க்க வேண்டும், கம்ப்யூட்டரை அல்ல.

கை வைப்பதற்கு முன்

ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஷட்டவுன் மட்டும் போதாது. கார்டு செருகியிருக்கும்வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் மதர்போர்டில் இருந்துகொண்டே இருக்கும். பல போர்டுகளில் யுஎஸ்பி ஹெடரிலும் இருக்கும். ஒயர்களைக் கழற்றுவதற்கு முன் போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகப்புப் பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுக்க வேண்டாம். பேனலின் ஒயர் அதோடு சேர்ந்து வரும், கனெக்டர் பிய்ந்துவிடும். பின்னாலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி விடுவியுங்கள்.

முழு இருட்டு என்றால்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது, டிஸ்ப்ளே இணைந்தே இருக்க, கனெக்டரின் பின்புறம் வழியாக அளவிடுங்கள். கழற்றிவிட்டு அளந்தால் சுமை இல்லாததால் லூஸ் கான்டாக்ட் கூட 5 வோல்ட் என்றே காட்டி ஏமாற்றும். மோலெக்ஸில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு இரண்டும் கிரவுண்ட். 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரையும், 12 வோல்ட்டுக்கு 11.4 முதல் 12.6 வரையும் சரி. அதற்குக் கீழே இருந்தால் டிஸ்ப்ளேயைக் குறை சொல்ல வேண்டாம்.

மோலெக்ஸில் அடிக்கடி நடப்பது, உள்ளே இருக்கும் உலோகக் குழல் செருகும்போது பின்னோக்கித் தள்ளப்பட்டுவிடுவது. வெளியே பார்க்க நன்றாகச் செருகியதுபோலவே இருக்கும். நான்கு ஒயரையும் ஒவ்வொன்றாக லேசாக இழுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் ஆடினால் அதுதான். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் வாங்கினால், ஒயர்கள் பிளாஸ்டிக்கோடு வார்க்கப்பட்டதைத் தவிர்த்து, பின் தனித்தனியாகக் கிரிம்ப் செய்யப்பட்டதை வாங்குங்கள். வார்க்கப்பட்டவற்றில் உள்ளே ஒயர்கள் நெருங்கி, ஷார்ட் ஆகி எரிந்திருக்கின்றன.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் (ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) மாற்றிய மறுநாள் டிஸ்ப்ளே செத்திருந்தால், ஒரு கேள்வி: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரையே புதியதில் செருகினீர்களா? டிஸ்க் பக்கத்து சாட்டா கனெக்டர் எல்லா எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஒன்றுதான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு எந்தப் பொதுவிதியும் இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் டிஸ்ப்ளே மட்டுமல்ல, அதே ஒயரில் மாட்டிய எஸ்எஸ்டியும் போய்விடும்.

9 பின் யுஎஸ்பி ஹெடர்

இதில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. 9-வது பின் இருக்காது. 1, 2 இரண்டும் 5 வோல்ட். 3, 4 டேட்டா மைனஸ். 5, 6 டேட்டா பிளஸ். 7, 8 கிரவுண்ட். 10-வதில் எதுவும் இல்லை. ஒயர் நிறம் வழக்கமாகச் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்ற அதே வரிசை.

மதர்போர்டில் இதைப்போலவே தெரியும் வேறு ஹெடர்களும் உண்டு. முன்பக்க ஆடியோ ஹெடரில் 8-வது பின் இருக்காது. காம் போர்ட் ஹெடரில் 10-வது இருக்காது. பழைய போர்டுகளில் ஃபயர்வயர் ஹெடர்தான் ஆபத்தானது: அதிலும் யுஎஸ்பியைப் போல 9-வது பின்தான் இல்லை, ஆனால் 12 வோல்ட் வரும். தப்பித் தவறி அதில் செருகினால் டிஸ்ப்ளேயின் கதை அத்தோடு முடிந்தது. போர்டில் அச்சடித்திருக்கும் எழுத்தை டார்ச் அடித்துப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

ஹெடரா, பேனலா என்று பிரித்தறிய ஒரு சின்ன ஒயர் போதும். ஒரு முனை 9 பின், மறுமுனை சாதாரண யுஎஸ்பி ஆண் பிளக். இதை வைத்து டிஸ்ப்ளேயைக் கம்ப்யூட்டரின் பின்பக்க யுஎஸ்பியில் நேரடியாகச் செருகுங்கள். எரிந்தால் மதர்போர்டு ஹெடரில்தான் கோளாறு. எரியாவிட்டால் பேனலிலோ அதன் ஒயரிலோ.

செருகும்போது விண்டோஸ் எழுப்பும் "டிங்" சத்தத்தைக் கவனியுங்கள். அது பாதி வேலையை முடித்துவிடும். டிஸ்ப்ளே போன்ற ஃபுல் ஸ்பீடு யுஎஸ்பி சாதனங்கள் டேட்டா பிளஸ் ஒயரில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட் கொடுத்துத்தான் "நான் வந்துவிட்டேன்" என்று அறிவிக்கின்றன. ஆகவே டிஸ்ப்ளேயில் லோகோ எரிகிறது, சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் பச்சை ஒயர் அறுந்திருக்கும். சத்தம் வருகிறது, ஆனால் டிவைஸ் மேனேஜரில் "அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்", கோட் 43 என்று நிற்கிறது என்றால் வெள்ளை ஒயரைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையும் இடம் மாறியிருந்தாலும் இதே கோட் 43 வரலாம். மல்டிமீட்டரின் கன்டினியுட்டி பீப் வைத்து முனைக்கு முனை சோதித்தால் ஐந்து நிமிட வேலை. ஒயர் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. கனெக்டருக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால், மடங்கும் இடத்தில் அறும்.

இப்போதைய போர்டுகளில் யுஎஸ்பி 2.0 ஹெடர் ஒன்றோ இரண்டோதான். தண்ணீர் கூலர், ஆர்ஜிபி கன்ட்ரோலர், முன்பக்க போர்ட் எல்லாம் அதற்கே போட்டி போடும். உள்ளே வைக்கும் யுஎஸ்பி ஹப் வாங்கினால் சாட்டா பவர் தனியாக வாங்கும் ஹப்பாகப் பாருங்கள். பவர் இல்லாத ஹப், ஒரே போர்ட்டின் 500 மில்லி ஆம்பியரை எல்லாருக்கும் பங்கு போடும். பேக்லைட் உள்ள டிஸ்ப்ளே அதில் மினுக்கும், அவ்வப்போது ரீஸ்டார்ட் ஆகும். 19 பின் யுஎஸ்பி 3.0 ஹெடர் சும்மா இருந்தால், அதை 9 பின்னாக மாற்றும் அடாப்டர் இன்னும் சுலபம்.

எரிகிறது, ஆனால் 0 என்கிறது

இங்கே ஒயரைத் தொட வேண்டியதே இல்லை. சிபியு 0 அல்லது வெறும் கோடு, ஜிபியு மட்டும் சரியாக 45 என்று காட்டுகிறதா? காரணம் ஏறக்குறைய உறுதி. ஜிபியுவின் வெப்பநிலையை கிராஃபிக்ஸ் டிரைவரே எடுத்துக் கொடுத்துவிடும். சிபியுவின் வெப்பநிலையோ பிராசஸரின் உள் ரெஜிஸ்டரில் இருக்கிறது. அதைப் படிக்க விண்டோஸின் ஆழத்தில் ஓடும் தனி டிரைவர் வேண்டும். பல வருடமாக நிறைய புரோகிராம்கள் இதற்கு வின்ரிங்0 என்ற பழைய டிரைவரையே பயன்படுத்தி வந்தன. அதில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது. 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் அதைப் பிடித்து ஒதுக்கத் தொடங்கியது. முந்தின நாள்வரை ஓடிய டிஸ்ப்ளேக்கள் பலருக்கு ஒரே இரவில் 0 ஆனது அப்படித்தான்.

இணையத்தில் கிடைக்கும் வைத்தியம், டிஃபெண்டரில் விலக்குக் கொடு, விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பான மெமரி இன்டெக்ரிட்டியை அணை என்பது. ஒரு எண்ணைப் பார்ப்பதற்காக வீட்டின் பூட்டை உடைப்பதுபோன்றது அது. டிஸ்ப்ளே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கிப் போடுங்கள். லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் போன்றவை புதிய பதிப்புகளில் பான்ஐஓ என்ற டிரைவருக்கு மாறிவிட்டன.

டிரைவர் சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் ஆனவுடன் 0, புரோகிராமைக் கையால் மூடித் திறந்தால் சரியாகிறது என்றால், அது அட்மின் உரிமை இல்லாமல் தொடங்குகிறது, அல்லது யுஎஸ்பி தயாராவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, டாஸ்க் ஷெட்யூலரில் புதிய டாஸ்க் போடுங்கள்: லாக்-ஆன் ஆனதும் ஓட வேண்டும், 30 நொடி தாமதம், "ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்" டிக். வெப்பநிலை படிக்கும் புரோகிராம் இரண்டு ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒன்றையொன்று தடுக்கும், ஒன்றை நிறுத்துங்கள்.

3.5 இன்ச் யுஎஸ்பி டிஸ்ப்ளேக்கள் சில விண்டோஸில் காம் போர்ட்டாகத் தெரியும். வேறு ஹெடருக்கு மாற்றினால் காம் எண்ணும் மாறலாம். புரோகிராமோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். படம் உறைந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிவைஸ் மேனேஜரில் புதிய எண்ணைப் பார்த்து அமைப்பில் மாற்றினால் போதும்.

எண் தப்பாக இருக்கிறது

முதலில், 104. 40 டிகிரி செல்சியஸ் என்பது 104 டிகிரி ஃபாரன்ஹீட். யூனிட் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அமைப்பிலோ, முகப்பில் உள்ள சின்னப் பட்டனை நீண்ட நேரம் அழுத்தியோ மாற்றலாம்.

தெர்மிஸ்டர் வகையில், பயாஸ் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) 65 காட்ட, டிஸ்ப்ளே 43 காட்டினால் பழுதல்ல. பயாஸ் சொல்வது சிலிக்கானின் உள்வெப்பம். தெர்மிஸ்டர் சொல்வது அது ஒட்டியிருக்கும் ஹீட்சிங்க் ஓரத்தின் வெப்பம். 20 டிகிரி வித்தியாசம் இயல்பு. அதைக் குறைக்கிறேன் என்று பிலிமைச் சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வைத்துவிடாதீர்கள். ஹீட்சிங்க் சமமாக உட்காராது, பிராசஸர் உண்மையாகவே கொதிக்கும். ஹீட்சிங்கின் அடிப்பாகத்தில், துடுப்புகளுக்கு இடையில், வெப்பம் தாங்கும் மஞ்சள் கேப்டன் டேப்பால் ஒட்டுங்கள்.

எண் உண்மையாகவே கோளாறா என்றறிய தெர்மிஸ்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். பெரும்பாலும் இவை 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் என்டிசி வகை. சூடு ஏற ஏற ஓம் குறையும். 30 டிகிரி அறையில் சுமார் 8 கிலோ ஓம். விரல்களுக்கிடையில் ஒரு நிமிடம் பிடித்தால் 6.5-ஐ நோக்கி இறங்கும். நுனியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, உருகும் ஐஸ் தண்ணீரில் விட்டால் 33 அருகில் நிற்கும். 50 டிகிரியில் 3.6.

இதிலிருந்தே அறிகுறியைப் படிக்கலாம். ஒயர் அறுந்தால் ஓம் முடிவில்லாமல் ஏறும். டிஸ்ப்ளே அதைக் கடுங்குளிர் என்று நினைத்து மைனஸ் எண்ணோ கோடோ காட்டும். இரண்டு ஒயரும் நசுங்கி ஒட்டிக்கொண்டால் ஓம் 0; டிஸ்ப்ளே அதிகபட்ச எண்ணைக் காட்டி அலாரம் அடிக்கும். பக்கவாட்டுக் கதவை மூடும்போது நசுங்குவதுதான் வழக்கம். மாற்று தெர்மிஸ்டர் விலை மிகக் குறைவு. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ "10 கே என்டிசி, பீட்டா 3950" என்று கேட்டு வாங்கலாம். இதற்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படிச் சேர்த்தாலும் சரி.

எண்ணில் கோடுகள் காணவில்லை

எல்இடி எண்களை ஒரே சமயத்தில் எரிப்பதில்லை. ஒவ்வொரு இலக்கமாக, கண் பிடிக்காத வேகத்தில் மாற்றி மாற்றி எரிப்பார்கள். எல்லா இலக்கத்துக்கும் "நடுக்கோடு" ஒரே ஒயர்தான். ஆகவே எல்லா இலக்கத்திலும் அதே கோடு காணவில்லை என்றால், அந்தக் கோட்டின் பொது ஒயரிலோ அதன் ரெசிஸ்டரிலோ சால்டர் விட்டிருக்கிறது. ஒரு இலக்கம் மட்டும் முழுவதும் இருட்டு என்றால் அந்த இலக்கத்தின் காமன் பின். ஒரே ஒரு இலக்கத்தில் ஒரே ஒரு கோடு என்றால் அந்த எல்இடியே போய்விட்டது. முதல் இரண்டையும் மெல்லிய முனை சால்டரிங் அயர்ன் சரிசெய்துவிடும். மூன்றாவதுக்கு எல்இடி எண் பாகத்தையே மாற்ற வேண்டும்.

போன் கேமராவில் எடுத்த வீடியோவில் எண் துண்டு துண்டாகத் தெரிகிறது என்று பதற வேண்டாம். அந்த மாற்றி மாற்றி எரியும் வேகம்தான் கேமராவில் சிக்குகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் சரிதான்.

எல்சிடி எண் வகையில் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். சீப்ரா ஸ்ட்ரிப் என்பார்கள். கடத்தும் கோடும் கடத்தாத கோடும் மாறி மாறி அடுக்கியது. கண்ணாடியை விரலால் லேசாக அழுத்தும்போது காணாமல்போன கோடு வந்தால் இதுதான் பழுது. ஸ்குரூக்களைக் கழற்றி, போர்டின் தங்க நிறப் பட்டைகளை பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் பட்டையில் விரல் படக்கூடாது. கடலோர ஊர்களில் போர்டின் தங்க நிறப் பட்டைகளில் பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். பழைய டூத் பிரஷ்ஷும் ஆல்கஹாலும் போதும். திரும்ப மாட்டும்போது ஸ்குரூக்களைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கலர் ஸ்கிரீன்களில் தட்டையான ஃபிளெக்ஸ் ஒயரைப் பாருங்கள். கனெக்டரின் கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால் மேலே தூக்கி, ஒயரை எடுத்து, நேராகத் திரும்பச் செருகித் தாழ்ப்பாளை மூடுங்கள். இருட்டில் டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? ஸ்கிரீன் உயிரோடு இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது. மேலிருந்து கீழாக ஒரு நிறக்கோடு நிரந்தரமாக நின்றால் கண்ணாடியோடு ஒட்டிய இணைப்பு விட்டுவிட்டது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

எச்டிஎம்ஐ வகைக்குரிய தொந்தரவுகள்

எச்டிஎம்ஐயை மதர்போர்டில் செருகியிருக்கிறீர்கள், பிராசஸரோ கிராஃபிக்ஸ் இல்லாத எஃப் ரகம் என்றால், படம் வரவே வராது. கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தும் வரவில்லை என்றால், தனிக் கார்டு மாட்டியதும் பயாஸ் உள் கிராஃபிக்ஸை அணைத்திருக்கும். பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டரை எனேபிள் செய்யுங்கள். படம் செங்குத்தாக வந்தால் பயப்பட வேண்டாம், 8.8 இன்ச் பட்டை ஸ்கிரீன்கள் 480-க்கு 1920 என்ற உயரவாக்கு அளவில்தான் தங்களை அறிவிக்கும், டிஸ்ப்ளே செட்டிங்கில் லேண்ட்ஸ்கேப் ஆக்கினால் போதும். மவுஸ் அடிக்கடி அதற்குள் ஓடி ஒளிகிறதென்றால், அதே செட்டிங்கில் குட்டித் திரையைப் பெரிய திரையின் மூலையை மட்டும் தொடும்படி இழுத்து வையுங்கள்.

மினுக்கல், தூங்கி எழுந்தபின் இருட்டு, அணைத்தபின்னும் வெளிச்சம்

ஸ்லீப்பிலிருந்து எழுந்தபின் மட்டும் இருட்டாகிறது என்றால், பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிஸேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஷட்டவுன் செய்தும் விடிய விடிய எரிகிறதா? ஸ்டாண்ட்பை மின்சாரம் அது. பயாஸில் இஆர்பி என்ற மின்சாரச் சிக்கன அமைப்பை எனேபிள் செய்தால் அணையும். அதன்பின் கீபோர்டை அழுத்திக் கம்ப்யூட்டரை ஆன் செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அறையில் ஃபேன் போடும்போதோ, கேபினட்டைத் தொடும்போதோ டிஸ்ப்ளே ரீஸ்டார்ட் ஆனால் எர்த்தைச் சந்தேகியுங்கள். எர்த் இல்லாத பிளக்கில், எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினட் உடம்பில் 230-இன் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு. ஆனால் டெஸ்டர் எரியும், கை சுறுசுறுக்கும், யுஎஸ்பி டேட்டா குழம்பும். மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் பிளக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு, எர்த் உள்ள சாக்கெட்டில் செருகுங்கள். சாக்கெட்டிலேயே எர்த் வரவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் பேனல்தான் செத்தது என்று உறுதியானால், அதன் கண்ணாடியின் குறுக்களவை அளந்து, அந்த இடத்தில் உட்காரும் 3.5 இன்ச் யுஎஸ்பி ஸ்கிரீன் தேடுங்கள். வாங்குவதற்கு முன் ஆழத்தையும் அளக்க வேண்டும். பல ஸ்கிரீன்களில் யுஎஸ்பி பிளக் பின்னால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். முகப்பு ஃபேனுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே அதற்கு இடம் இருக்காது. எல் வடிவ பிளக் உள்ள ஒயரையும் அதோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.